சாத்தானும் கரிசலாங்கண்ணி எண்ணெயும்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் முதன்முதலாக மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது என்னைப் பெண் பார்க்க. மகனும் மகளும் கூட வந்திருந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பின்னலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா தேய்க்கிற தலைக்கு? இந்தக் கருப்பு கருத்திருக்கு!"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

"கரிசலாங்கண்ணி எண்ணெதாங்க. வீட்டுலயே காச்சறது. கடையில விக்கிற எதையும் தலையில வைக்கவுட மாட்டேன்."

அந்தப் பின்னல் முழுக்கச் சாயம். கல்லூரியில் சேர்ந்த வருடமே எனக்கு நரை தொடங்கிவிட்டது. அப்பா வழி வந்தது அது. அவருக்கு நரைத்தபோது ஊர் மரியாதை கொடுத்தது. எனக்கு நரைத்தபோது அம்மா முதலில் உப்புத் தண்ணியைத் திட்டினார், பிறகு என் கம்ப்யூட்டரைத் திட்டினார், கடைசியில் அப்பாவைத் திட்டினார்.

முதலில் எல்லோரையும்போல நானும் பாக்கெட் டை வாங்கிக் கலக்கிப் பூசினேன். தலை தார் போட்ட ரோடு மாதிரி ஆனது. ஒரே கருப்பு, மேடு பள்ளம் இல்லாத கருப்பு. பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். நம் முடி உண்மையில் அப்படிக் கருப்பு இல்லை. ஓர் இழையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தால் அடர்ந்த பழுப்பு தெரியும். உழவர்கரைப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. வேதியியல் படித்தவள். வேலை என்று வந்தால் முதலில் எது, அடுத்து எது என்று வரிசை போடாமல் எனக்குக் கை ஓடாது. அதனால் இதையும் ஒழுங்காகச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். பார்லர்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று டவுனில் இருக்கிறது. அங்கே அட்டையில் வரிசையாக ஒட்டியிருந்த முடிக்கற்றைகளை என் தலையோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றாம் எண் கருப்பைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று மூன்றாம் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

வெளிநாட்டுச் சரக்கு. பெட்டியின் பக்கவாட்டில் பழுப்புக்குப் பிரெஞ்சுச் சொல் அச்சடித்திருந்தது. ஷாத்தேன் என்று சொல்ல வேண்டும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சா… சாத்தான்! இன்னாடி இது, சாத்தான்னு எழுதி வித்துனு இருக்கான்?"

நான் விளக்கினேன். அம்மா ஏற்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். யாராவது விருந்தாளி இருக்கும்போது, "சாத்தான் தீந்துடுச்சா, வாங்கணுமா?" என்று அம்மா கேட்பார். வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாத்தானைப் பிழிவேன். தலைக்கு முந்தின நாள் குளித்திருக்கக் கூடாது, மண்டைத்தோலின் எண்ணெய்ப் பசை அப்படியே இருக்க வேண்டும். உலோகக் கிண்ணம் ஆகாது. சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, டியூப் களிம்பு ஒரு பங்குக்கு, நிறத்தைப் பிடிக்கவைக்கும் டெவலப்பர் திரவம் ஒன்றரைப் பங்கு. நெற்றியோரமும் காதிலும் வாசலின். தலையை நாலாக வகிர்ந்து, நரை அதிகமான இடத்தில் தொடங்கி, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பிரஷ். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட வேண்டும். அரித்தாலோ சிவந்தாலோ டியூப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எத்தனை முறை போட்டுப் பழகியிருந்தாலும் சரி, இதை நான் விட்டதில்லை. இந்த மருந்துகளை உடம்பு நேற்றுவரை பொறுத்திருக்கும், இன்று பொறுக்காது.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அன்று அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் எண்ணெய்க் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோபாவின் ஓரத்தில் மாப்பிள்ளையின் தங்கை இருந்தாள். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள், கோயிலில் போடுவதுபோல. அம்மா எண்ணெய் என்றதும் அந்தத் துப்பட்டா பின்னால் நழுவியது. முன்னுச்சியில் ஒரு கைப்பிடி நரை. என்னுடையது தொடங்கிய அதே இடம்.

"எவ்ளோ நாள்ல கருக்கும் அண்ணி?" என்றாள். நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் அண்ணி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தார்.

"தெனம் தேய்க்கணும். பொறுமை வேணும்" என்றார் அம்மா.

அவர்கள் போன பிறகு நாங்கள் சண்டை போட்டோம். "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட நரைச்ச தலைன்னு சொல்லச் சொல்றியா?" என்று அம்மா கேட்டார். அவருக்கு அதற்கு மேல் யோசனை இல்லை. எனக்கு இருந்தது, இருந்தும் நான் போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் பேசவில்லை. அடுத்த வாரமே ரெட்டியார்பாளையத்திலிருந்து அத்தை போன் செய்தார், ஒரு பாட்டில் எண்ணெய் கிடைக்குமா என்று. அதுவரை எங்கள் வீட்டில் கரிசலாங்கண்ணி வந்ததே இல்லை. அம்மா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, அரைத்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சினார். வீடெல்லாம் பச்சை வாடை. வாய்ச்சொல்லோடு போயிருக்க வேண்டிய பொய்க்கு அன்று ஓர் உடம்பு கிடைத்தது. மூடி போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும் சீக்கிரமே சொல்லிவிட்டேன். பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். அவர் நின்றுவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

"எங்கம்மாவும் தேய்க்கிறாங்க தெரியுமா? தலகாணி உறையெல்லாம் பச்ச."

"உங்க தங்கச்சிகிட்டயாவது சொல்லணும். பாவம், அவ நம்பிக்கினு இருக்கா."

"அவகிட்ட சொன்னா அம்மாகிட்ட சொன்ன மாதிரி. கல்யாணம் முடியட்டும், நானே சொல்றேன். எண்ணெதானே, கெடுதலா இன்னா?"

கெடுதல் இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயர்களைப் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பார். முதல் ஓலையைக் கேட்பதற்காக அத்தையும் மகளும் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்திருந்தார்கள். அவள் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அந்தப் பச்சை வாடை என் மேலேயே அடிப்பதுபோல இருந்தது. சாமியார் அறிவிப்புகளைத் தொடங்கியபோது என் காதருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"அண்ணி, முன்னாடி பாருங்களேன். கொஞ்சம் கருத்துட்ட மாதிரி இல்ல?"

பார்த்தேன். எண்ணெயில் ஊறிய முடி ஒன்றோடு ஒன்று ஒட்டி இருண்டு தெரிந்தது. அவ்வளவுதான். ஷாம்பு போட்டால் போய்விடும்.

"ஆமா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்காமல் பீடத்தைப் பார்த்தேன். அம்மா சொன்னது அம்மாவின் பொய். இது நானே சொன்னது. யாரும் கேட்டு வற்புறுத்தவில்லை, மழுப்ப நேரமும் இருந்தது. சாமியார் எங்கள் பெயர்களைப் படித்தார், தடை பற்றிக் கேட்டார். அவர் கேட்ட தடை வேறு என்று தெரியும். இருந்தாலும் அத்தனை பேரில் எழுந்து நிற்க வேண்டியவள் நான் ஒருத்திதான் என்று தோன்றியது. பூசை முடிந்து எல்லோரும் வாழ்த்தினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மூன்றாவது ஓலை வாசித்த பிறகு ஒரு நாள், வேலையில் இருந்தபோது அத்தையின் போன் வந்தது. "பாப்பாக்கு மூஞ்சி வீங்கிப் போச்சும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுனு வந்தோம்" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அனுமதி வாங்கிக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தாள். கண்கள் இரண்டு கோடுகளாக இருந்தன. நெற்றியும் காதும் சிவந்து, தோல் நீர் கோர்த்துப் பளபளத்தது. தலை மட்டும் நல்ல கருப்பு. அந்தத் தார் ரோட்டுக் கருப்பு. மேசைமேல் கிழித்த பாக்கெட் கிடந்தது. முன்பக்கம் இலை படம், மூலிகை என்று பெரிதாக. பின்பக்கம், பொடி எழுத்தில், நான் எதிர்பார்த்த அதே மருந்தின் பெயர். என் டியூப்பிலும் இருப்பதுதான். பாக்கெட்டில் எவ்வளவு போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அத்தை கஞ்சி டம்ளரோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"கேளும்மா. கல்யாணப் பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கணுமாம், போட்டோவுல நரை தெரியுமாம். எனக்குத் தெரியாம வாங்கினு வந்து பூசிக்கினா. ஏண்டி, உங்கண்ணியப் பாரு! அது படிச்ச பொண்ணு, ஒரு நாளாவது டை கிய்யின்னு தொட்டிருக்குமா? எண்ணெ தேய்ச்சிப் பொறுமையா இருந்துச்சி. உனக்குப் பொறுக்கல!"

அவள் வீங்கிய முகத்தை என் பக்கம் திருப்பி, "சாரி அண்ணி" என்றாள்.

என்னிடம் மன்னிப்பு.

நான் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தேன்.

"நான் எண்ணெ தேய்க்கறதில்ல" என்றேன். "டைதான் போடறேன், காலேஜ் சேந்ததுலேர்ந்து. இதே மருந்துதான் அதுலயும் இருக்கு. அன்னிக்கி சொல்லியிருக்கணும். சொல்லல."

அத்தை டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அப்ப அந்த எண்ணெ?"

"நீங்க கேட்டப்புறம்தான் அம்மா காச்சினாங்க."

"நானும் தேய்ச்சனே…" என்றார் அத்தை, தலையைத் தொட்டுக்கொண்டு. வேறு நேரமாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம்.

அவள் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு ஏன் வீங்கல?"

"மொதல்ல காதுக்குப் பின்னாடி கொஞ்சம் வச்சிப் பாப்பேன். ரெண்டு நாள் கழிச்சித்தான் தலையில போடுவேன்."

"எனக்கு அது தெரியாது."

"தெரியாது. நான்தான் சொல்லித் தந்திருக்கணும்."

"இனிமே எந்த டையும் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுதும் கூடாதா?"

"கூடாது." இப்படி ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் முன்பைவிட மோசமாக வரும் என்பதை அவளுக்குச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். பிறகு அதையும் சொன்னேன். மறைக்க இனி எனக்கு உரிமை இல்லை.

அவள் காதோரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. அத்தை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லா வூட்லயும் நடக்கறதுதான், விடும்மா" என்றார், அம்மாவிடம் மட்டும் கொஞ்ச நாள் முறைப்பாக இருந்தார். நான் கல்யாணத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். போடாமல் போய் நின்றால் அவளுக்கு என்ன ஆறுதல் என்று நியாயம் கண்டுபிடித்தேன், துணிவு இல்லை என்பதே உண்மை. வீக்கம் வடிந்து, காதோரம் மட்டும் தோல் உரிந்திருக்க, அவள் என் பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

இப்போது யோசித்தால், என் பக்கமும் சில நியாயங்கள் சொல்லிக்கொள்ளலாம். எப்படியும் அவள் உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நான் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தாலும் நரை நரையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டோடு, கொஞ்சம் அரிப்போடு முடிந்திருக்கும். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் விடை மாறுவதில்லை.

இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கெமிஸ்ட்ரி எடுத்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். துப்பட்டா தலையில் ஏறுவதில்லை. நரையும் வளர்ந்து காதைத் தொட்டுவிட்டது. என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், சாப்பிட்டீங்களா அண்ணி என்று கேட்கிறாள். மற்றபடி எதையும் கேட்பதில்லை.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கணக்கில் திணறிக்கொண்டிருந்தாள். கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் கணக்கு, நான் தினமும் வேலையில் போடுவது. எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்கினாள், என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இத எப்பிடிப் போடறது?"

அவர் படித்தது காமர்ஸ். தயங்கி என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி, எதையோ எதனாலோ வகுத்து ஒரு விடை சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். தப்பு அது. நான் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன். தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.