வீட்டெதிரே பிரேக் பிடித்த காலம்

பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் இது நினைவிருக்குமோ என்னவோ. அப்போது நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுவதற்கு முன் டூட்டிக்குக் கிளம்பி, நீங்கள் தூங்கிய பிறகுதான் திரும்புவேன். நல்ல வேளையாக நம் வீடு ரோட்டோரம் இருந்தது. சாயங்கால டிரிப்பில் வீடு வந்ததும் பிரேக் பிடிப்பேன். நீங்கள் வாசலில் நின்று கையாட்டுவீர்கள். உடனே கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளம்பிவிடுவேன்.

லிட்டர் டீசலுக்கு யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று டிப்போ போர்டில் எழுதுவார்கள். என் பெயர் எப்போதும் கடைசிதான். டீசலை மிச்சம் பண்ணும் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள்.

"இதுலயும் தேறலைன்னா வேலூர் ரூட்டுக்கு மாத்திடுவேன்" என்றார் மேனேஜர்.

வேலூர் வண்டி நம் வீட்டு வழியாகப் போகாது. எனக்கு அதுதான் பயம்.

ஒரு நாள் வகுப்பு. தேவையில்லாமல் பிடிக்கிற ஒவ்வொரு பிரேக்கும் ரோட்டில் கொட்டுகிற டீசல் என்றார் பயிற்சி கொடுத்தவர். மறுநாள் என் பஸ்ஸிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வீடு வந்ததும் கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

"இன்னாங்க இது? ஸ்டாப்பிங்கும் இல்ல, ஆடு மாடும் குறுக்க வரல. யாருக்குப் பிரேக்கு?"

பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்: "அண்ணன் வூட்டு ஸ்டாப்பிங் சார் அது. அதுக்கு மட்டும் நான் டிக்கெட் குடுக்கறதில்ல."

பஸ்ஸே சிரித்தது. பயிற்சி கொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் கையாட்டுவதைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ளைங்கள பாருங்க, வேணாங்கல. பிரேக்கத் தொடாம பாருங்க. வழியில தாண்டி வந்தோமே, அந்தப் பம்ப்செட்டாண்டயே ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்துடுங்க. வண்டி தானா அடங்கிக்கினே வரும்."

மறுநாள் அப்படியே செய்தேன். இரைச்சல் குறைந்து வண்டி ஊர்ந்து வந்தது. முன்பெல்லாம் சட்டென்று வந்து மறைகிற நீங்கள், அன்று தூரத்திலிருந்தே தெரிந்தீர்கள். சின்னவள் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்ததுகூடத் தெரிந்தது.

போர்டில் என் பெயர் மெல்ல மேலே ஏறியது. வேலூர் பேச்சு நின்றது.

பிறகு நீங்கள் படிக்க வெளியூர் போனீர்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது வீடும் போனது, பம்ப்செட்டும் போனது. ஆனாலும் அந்த இடத்தில் என் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக மேலே வந்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்ன் அடிப்பார். இடது பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பேன்.