வாய் திறக்காத கதாநாயகன்

நேற்று மயிலாப்பூரில் ரகு சித்தப்பா வீட்டு டிவியில் பிரெஞ்சுக் குரல் ஒன்று கேட்டது. உடனே எனக்குத் தொண்ணூறுகளின் அந்த அடையாறு திரைப்படச் சங்க அரங்கும், அதன் மூட்டைப்பூச்சி நாற்காலிகளும் ஞாபகம் வந்துவிட்டன.

அன்று சித்தப்பா என்னையும் மாடி வீட்டு விஜயா அக்காவையும் அழைத்துப் போயிருந்தார். சப்டைட்டில் இல்லாத பழைய படம். குப்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடம் எடுப்பதுதான் வாழ்க்கை, கல்யாணமெல்லாம் அப்புறம் என்று திரிந்த சித்தப்பா, மாலை வகுப்பில் கற்ற பிரெஞ்சை வைத்து எங்கள் நடுவே கிசுகிசுப்பாக மொழிபெயர்த்தார்.

படத்தில் இளம் டாக்டர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க எங்கோ கிளம்புகிறான். ரயிலடியில் கதாநாயகியைப் பார்த்தபடியே நிற்கிறான்.

"நீயும் என்கூட வந்தா நல்லாருக்கும்ங்கிறான்," என்றார் சித்தப்பா.

"அவன் வாயே திறக்கலையே சித்தப்பா!" என்று கத்திவிட்டேன். முன்வரிசை மொத்தமும் திரும்பியது.

விஜயா அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் பிரெஞ்சு தெரியும். காலேஜ்ல அதான் படிச்சேன். அவ வர்றேங்கிறா, அதையும் சொல்லுங்க."

நேற்று விஜயா சித்தி சோபாவிலிருந்து கேட்டாள், "என்னவாம்?"

திரையில் யாரும் பேசவில்லை. சித்தப்பா மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.