பூனைக்காகச் சாத்திய கடை

எங்கள் பூனை செத்த அன்றைக்கு செஞ்சிக் கடைத்தெருவில் பாதிப் பேர் என் நைனா செத்துவிட்டதாக நம்பினார்கள். நைனா அப்போது கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் மூட்டை அடுக்கும் இருட்டறை. பூனை எங்கிருந்தோ அந்த அறைக்குள் வந்து சேர்ந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அது செத்தபோது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வரி, ஒரு காது நுனி கிழிந்திருக்கும். பேர் வைத்தால் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று நைனா பேர் வைக்க விடவில்லை. பேர் இல்லாமலே ஒட்டிக்கொண்டது.

"எலிக்காகத்தான் வெச்சிருக்கேன். இல்லன்னா எனக்கு இன்னாத்துக்குப் பூனை?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நைனா சொல்வார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் எலி ஓடும். பூனை தலையை மட்டும் திருப்பி, தெரிந்தவர் யாரோ போகிறார் என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். அது பிடித்து நான் பார்த்தது ஒரே ஒரு தவளை. அதையும் தின்னவில்லை. உயிரோடு கொண்டுவந்து அம்மாவின் சாமி அலமாரிக்குள் விட்டது. கோட்டை மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து வேர்க்கடலை மூட்டையைப் பிரிக்கும்போது பூனை அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு குரங்கு அதற்குப் பேன்கூடப் பார்த்திருக்கிறது.

அதன் இடம் தராசுத் தட்டு. வியாபாரம் இல்லாத நேரத்தில் அதில் சுருண்டு படுத்துக்கொள்ளும். யாராவது சர்க்கரை கேட்டால் நைனா அதைத் தூக்கி மடியில் வைத்து, தட்டைத் துண்டால் துடைத்து, சர்க்கரையை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி தூக்கித் தட்டிலேயே வைப்பார். வீசை போய் கிலோ வந்த புதிதில் அவருக்குப் புது எடைக்கற்கள் கைக்கு வரவில்லை. மத்தியானங்களில் ஒரு தட்டில் பூனையையும் மறு தட்டில் கற்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பழகினார். "மூணு வீசை இருந்தவன் நாலு கிலோவைத் தாண்டிட்டான்டி! கெவர்மெண்ட்டு கணக்குல எல்லாரும் குண்டாயிட்டாங்க" என்று என்னிடம் சொன்னார்.

சாகும்போது அது அந்த எடையில் பாதிகூட இல்லை. வயதாகி, பல் கொட்டி, தயிர்ச்சாதத்தைக்கூட நக்கித்தான் தின்றது. ஒருநாள் விடிந்து நான் போய்ப் பார்த்தபோது வெறும் சாக்குகளின்மேல் நீட்டிக்கொண்டு கிடந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா தலையிலிருந்து வால்வரை தடவிக் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

நைனா வந்து நின்று பார்த்தார். "பூனைதானே. இதுக்குப் போயி இன்னா அழுகை?" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார். கடைக்குக் கதவு பலகைகள்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்க வேண்டும். இரண்டு பலகை கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். நைனா காலித் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பலகைகளையும் எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டு, என் பக்கம் பார்க்காமல், "எனக்கு வயித்த வலி" என்று சொல்லி மண்வெட்டியோடு கொல்லைக்குப் போய்விட்டார்.

எங்கள் கடைத்தெருவில் காலையில் ஒரு கடை திறக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதலில் பால்காரம்மா வந்தாள். கண் சிவந்து நின்ற அம்மாவிடம், "இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டாள்.

"அது போயிடுச்சி" என்றாள் அம்மா.

இங்கேதான் தப்பு நடந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். 'அது கடையில இருக்குது', 'அதுக்குக் காப்பி கொடு' என்றுதான் பேசுவார்கள். அம்மாவும் பதினாறு வயதில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நைனாவை 'அது' என்றுதான் சொல்லிவந்தாள். பூனையும் அவளுக்கு 'அது'தான்.

"எப்பம்மா?"

"ராத்திரி நல்லாத்தான் சாப்டுச்சி. காலைல பாத்தா சாக்கு மேல நீட்டிக்கிச்சி."

பால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எங்களோடு அழவும் அவள் நிற்கவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம். அவள் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவலூர்பேட்டை பஸ் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறாள். நைனாவின் அக்காவை அவலூர்பேட்டையில்தான் கொடுத்திருந்தது.

நண்பகலுக்குள் வீட்டு வாசலில் கூட்டம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒரு பூனைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். அம்மாகூட, "நல்ல ஜனங்கடி நம்ம ஊரு" என்றாள்.

அப்போது தெருமுனையிலிருந்து ஒப்பாரி கேட்டது. "என் கூடப் பொறந்தவனே! என்னெ அனுப்பிட்டுப் போவக் கூடாதா நீ!" தலைமுடி அவிழ்ந்து, ஒரு கையால் மாரில் அடித்துக்கொண்டு, மறு கையில் ஆள் உயரத்துக்குச் சாமந்தி மாலையோடு அத்தை வந்துகொண்டிருந்தாள்.

கொல்லையிலிருந்து நைனா அக்காவின் குரலைக் கேட்டுப் பதறி, கால் எல்லாம் மண்ணோடு, மண்வெட்டியைக்கூடக் கீழே போடாமல் வாசலுக்கு ஓடிவந்தார்.

"இன்னாக்கா? யாரு போயிட்டாங்க? மாமாவா?"

அத்தை அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். கூட்டத்தில் ஒருத்தர் இரண்டடி பின்னால் போனார்.

"நீதாண்டா!" என்றாள் அத்தை.

அப்புறம் மாலையை இரண்டு கையாலும் பிடித்து நைனாவை அடிக்க ஆரம்பித்தாள். சாமந்தி உதிர்ந்து தெருவெல்லாம் மஞ்சளாக விழுந்தது. "உசுரோட இருக்கிறவன் எதுக்குடா கடையைச் சாத்துன?"

"வயித்த வலிக்கா."

"வயித்த வலிக்காரன் கையில மம்மட்டி எதுக்குடா?"

நைனா ஊர் முன்னால் முழித்துக்கொண்டு நின்றார். நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கருவாடு விற்கிறவள். அத்தைக்குப் பின்னால் நின்ற நைனாவை அவள் கவனிக்கவில்லை. நேராக என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கமான மனுசனாச்சே தாயி! வாரம் தவறாம எங்கிட்ட கருவாடு வாங்குமே. நெத்திலின்னா உசுரு. வீட்டுக்குத் தெரியக் கூடாது, வாசனை வராத மாதிரி நாலு காயிதத்துல சுத்திக் கொடுன்னு கேட்டு வாங்கிட்டுப் போவும்."

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அம்மா கையை விடுவித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி நைனாவைப் பார்த்தாள். முகத்தைக்கூட இல்லை, வாயைப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள். ஊரே பார்த்தது. கருவாட்டுக்காரம்மாவும் அப்போதுதான் அவரைப் பார்த்துவிட்டு, "அய்யோ, எழுந்திரிச்சிடுச்சி!" என்று கத்தினாள்.

"கருவாடா தின்ன?" என்றாள் அத்தை. தம்பி செத்ததாகக் கேட்டபோதுகூட அவள் குரல் இவ்வளவு நடுங்கவில்லை.

"நான் தின்னல!"

"பின்ன யாரு தின்னது?"

நைனா மண்வெட்டியைக் கீழே போட்டார். கடைத்தெருவுக்கே கேட்கிறமாதிரிச் சொன்னார்: "பூனைக்கு வாங்கினேன்! பூனைதான் தின்னுது! அது செத்துப் போச்சி, அதனாலதான் கடையைச் சாத்துனேன். போதுமா?"

சொல்லி முடித்ததும் அவர் முகம் கோணிக்கொண்டு போனது. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கொல்லைக்குத் திரும்பிவிட்டார். சிரிப்பதற்காக வாயைத் திறந்த இரண்டு மூன்று பேர் அப்படியே மூடிக்கொண்டார்கள். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

பூனையை நைனாவின் வேட்டி ஒன்றில் சுற்றி நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். முருங்கை மரத்தடியில் குழி பெரியதாக இருந்தது. கன்றுக்குட்டியையே புதைக்கலாம். நைனா அவ்வளவு நேரம் வெட்டியிருக்கிறார். அத்தை குழி ஓரத்தில் உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "பஸ்ஸுல அவ்ளோ தூரம் அழுதுக்கிட்டே வந்திருக்கேன். வந்ததுக்கு இதுக்காவது அழுதுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே அழுதாள். பாதி உதிர்ந்த மாலையைக் குழிக்குள் போட்டாள். கருவாட்டுக்காரம்மா கொல்லைப் பக்கமாக வந்து, அம்மாவைத் தயக்கத்தோடு பார்த்து, மடியிலிருந்து ஒரு கை நெத்திலியை எடுத்தாள். அம்மா மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் அதுவரை அடுப்பு மூட்டவில்லை. "மனுசன் செத்த வீட்டுலயாவது பக்கத்து வீட்டுக்காரங்க சோறு கொண்டாருவாங்க" என்று திட்டிக்கொண்டே அத்தை உப்புமா கிண்டினாள். நாங்கள் நான்கு பேரும் சட்டியைக் காலி செய்தோம். நைனாதான் அதிகம் சாப்பிட்டார். வயிற்று வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் நைனாவும் நானும் அத்தையை பஸ் ஏற்றிவிடப் போனோம். காலையில் சேதி கொண்டுபோன அதே கண்டக்டர். நைனாவைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கும்பிட்டார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே தலை நீட்டினாள்.

"ஏண்டா, பூனைக்கே கடையைச் சாத்துன. நான் செத்தா சாத்துவியா?"

நைனா யோசித்தார். "சந்தை நாளா இல்லாமப் பாத்துக்கக்கா" என்றார்.

அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் தலையில் குட்டினாள். குட்டிய கையை உடனே எடுக்கவில்லை. பஸ் நகர்ந்து, அவர் கூடவே நாலு எட்டு நடக்க வேண்டியிருந்தது.