பத்தூலுக்கு ஒரு கபுர்

ஃபெஸ் ஊரின் பழைய நகரத்துச் சந்துகளில் வண்டி நுழையாது. மனுஷன் நடக்கலாம், கழுதை நடக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சந்துகளில் ஐம்பத்தெட்டு வருஷம் நடந்தவள் பத்தூல். பிறந்த வீட்டிலேயே சமையல்காரியாக இருந்தாள்.

அது அவளுடைய அப்பா வீடு. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரியில்லாமல் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவள், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அங்கிகளுக்குப் பட்டு நூலில் பொத்தான் கட்டிக் கொடுத்துத் தம்பி அப்துல்ஹக்கைப் படிக்க வைத்தாள். அவன் பிரான்சுக்குப் போனான். அம்மா இறந்த நாற்பதாம் நாள் முடிந்ததும் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

"கூரை ஒழுகுதுக்கா. ரிப்பேர் பண்ண முனிசிபாலிட்டில அனுமதி கேக்கணும். இங்க ஒரு கையெழுத்துப் போடு."

அவளுக்குத் தன் பேரை எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. போட்டாள். மூன்று மாதம் கழித்து, வீட்டை வாங்கியவர்கள் சாவியோடு வந்தார்கள். தம்பி அதற்குள் பிரான்சுக்குத் திரும்பி லியோனில் இருந்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

வீடு இரண்டு மூன்று கை மாறி வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியானது. யார் வாங்கினாலும் சமையலறையும் அதை ஒட்டிய சின்ன அறையும் அவளிடமே இருந்தன. கடைசியாக வாங்கிய ரபாத்காரர் லர்பிக்கு, மரியாதையாகச் சொன்னால் 'சி லர்பி'க்கு, அவள் யார் வீட்டுப் பெண் என்றே தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொல்லி யாரிடம் இரக்கம் வாங்குவது என்ற வீம்பு. விடுதியில் எல்லாருக்கும் அவள் 'ஆயா'. பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு ஏப்ரல் மாலை, அப்துல்ஹக் அந்த வாசலில் வந்து நின்றான்.

அவனாக வரவில்லை. ஐம்பதாவது பிறந்த நாளுக்கு, அவன் பிறந்த வீட்டிலேயே அறை பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் அவன் மனைவி வெரோனிக் கூட்டி வந்திருந்தாள். கூடவே பதினாலு வயது மகள் இனேஸ். கதவைத் திறந்த பத்தூலைப் பார்த்ததும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பெட்டியை எடுக்கிற சாக்கில் குனிந்து அரபியில் முணுமுணுத்தான்.

"ரெண்டே நாள். பிள்ளை முன்னாடி வேணாம். உன் கால்ல விழறேன்."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு மாடியேறினாள். இதே பிள்ளையை இதே படியில் இடுப்பில் தூக்கிப் போனவள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

மறுநாள் காலை வழிகாட்டிக்குக் காய்ச்சல். சி லர்பி சமையலறைக்கு வந்தார். "ஆயா, நீதான் இந்தச் சந்தெல்லாம் கண்ண மூடிக்கிட்டே நடப்பியே. இவங்கள ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வா."

"அவரே இந்த ஊர்க்காரர்தானே?" என்றாள் பத்தூல்.

"வழி மறந்துபோச்சாம்."

"மறந்திருக்கும், மறந்திருக்கும்," என்று சொல்லி அவள் செருப்பை மாட்டினாள்.

பெரிய தெருவின் இறக்கத்தில் நடந்தார்கள். தோல் மூட்டை ஏற்றிய கோவேறு கழுதை ஒன்று பின்னால் வர, "ஒதுங்கு, ஒதுங்கு!" என்று ஓட்டுகிறவன் கத்தினான். இனேஸைப் பத்தூல் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பெண்ணின் நெற்றி அப்படியே பத்தூலுடைய அம்மாவின் நெற்றி. சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்த பெண் அதற்கப்புறம் விடவில்லை. அப்துல்ஹக் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு பத்தடி முன்னால் போனான்.

செம்புப் பாத்திரச் சதுக்கத்தில் மாட்டிக்கொண்டான். அண்டா தட்டிக்கொண்டிருந்த கிழவர் ஹம்மூ சுத்தியலைக் கீழே வைத்தார்.

"டேய், நீ பத்தூல் தம்பியில்ல? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவன் ஏதோ சிரித்து மழுப்பி நகர்ந்தான். இனேஸுக்கு அரபி புரியாது. ஆனால் பேர் காதில் விழுந்துவிட்டது.

"அப்பா, பத்தூல்னு சொன்னாரே? அது செத்துப்போன அத்தை பேர் இல்ல?"

விடுதியில் பரிமாறிப் பரிமாறியே பத்தூலுக்குப் பிரெஞ்சு புரியும். அது அவள் தம்பிக்குத் தெரியாது.

"ஆமாம்மா," என்றான். "அவளை நினைச்சு வருத்தப்பட்டார்."

"ஒம்பது வயசுலயே போயிட்டாங்கல்ல? பாவம். அவங்க கபுர், புதைச்ச இடம், இங்கதானே இருக்கும்? பூ வைக்கலாம்பா."

வெரோனிக் கண் கலங்கினாள். "கண்டிப்பா வைக்கணும். இதுக்குத்தானே வந்தோம்."

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். தூரம் என்றான், வெயில் என்றான். பெண் அதற்குள் ரோஜாவும் புதினாவும் வாங்கிவிட்டாள். ஊர்க் கிழக்கு வாசலைத் தாண்டி மேட்டில் இருக்கிற, இறந்தவர்களைப் புதைக்கும் மையவாடிக்கு ஏறினார்கள். பத்தூல் கடைசியாக ஏறினாள். மூச்சு வாங்கியது. தன்னை எங்கே புதைத்து வைத்திருக்கிறான் என்று பார்க்கிற ஆவலும் இருந்தது.

அவன் இங்கும் அங்கும் பார்த்து, எழுத்து தேய்ந்த ஒரு சின்னக் கபுர் முன்னால் நின்றான். "இதுதான்."

இனேஸ் பூவை வைத்தாள். அவன் இரண்டு கையையும் ஏந்தி, இறந்தவளுக்காக ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தான். குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை என்பது பத்தூலுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆயா ஏன் ஓதலை?" என்றாள் இனேஸ், மறுபடி பத்தூலின் கையைப் பிடித்துக்கொண்டு.

"உசுரோட இருக்கறவளுக்கு யாரும் ஃபாத்திஹா ஓதமாட்டாங்க," என்றாள் பத்தூல், தம்பியைப் பார்த்து, அரபியில்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் வெரோனிக்.

"அல்லா அவளுக்கு இரங்கட்டும்கறாங்க," என்றான் அவன்.

பத்தூல் வெரோனிக் பக்கம் திரும்பினாள். வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பிரெஞ்சில் சொன்னாள். "பத்தூல் நான்தான். இவன் அக்கா. அந்த வீடு எங்க அப்பா வீடு."

வெரோனிக் அவளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள், வெகு நேரம். இரண்டு பேர் மூக்கும் ஒரே அச்சு. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் செய்தது, பெண்ணின் கையைப் பத்தூலிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

"வெயில் ஏறுது. கீழ போகலாம்."

"அம்மா, அவங்க என்ன..."

"வயசானவங்க, குழப்பத்துல பேசறாங்க. வா."

இனேஸ் இறக்கத்தில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கவில்லை.

பத்தூல் விடுதி வந்து சேர்ந்தபோது பெட்டிகள் கழுதை மேல் ஏறிக்கொண்டிருந்தன. புது நகரத்து ஹோட்டலுக்குப் போகிறார்களாம். "என்னத்தச் சொல்லித் தொலைச்ச?" என்று சி லர்பி பல்லைக் கடித்தார். இனி விருந்தாளிகளோடு வெளியே போகக்கூடாது, சமையலோடு சரி என்றார்.

அப்துல்ஹக் மட்டும் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"இப்ப நிம்மதியா உனக்கு?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னை ஏன்டா சாகடிச்ச?"

அவன் வாசல் நிலையில் சாய்ந்தான். "உசுரோட இருக்கான்னு சொன்னா, ஏன் விட்டுட்டு வந்தேன்னு கேப்பாங்கக்கா. இப்ப பிள்ளை கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒம்பது வயசுல என்னைக் கொன்ன வாய்தானே? இன்னொண்ணு சொல்லத் தெரியாதா?"

அவன் போய்விட்டான். சந்து முக்கில் கழுதைக்காரன் "ஒதுங்கு!" என்று கத்துவது கேட்டது. மறுநாள் காசாபிளாங்காவிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்று சி லர்பி மாடியிலிருந்து குரல் கொடுத்தார். பத்தூல் எழுந்து கொண்டைக்கடலையை அளந்து ஊறப்போட்டாள்.