கத்தாத பிள்ளையின் கால்

என் மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே, அவளிடம் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று மரக்காணத்தில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள். இரண்டு கையையும் உதறிக்கொண்டே இருப்பாள். நுனிக்காலில் நடப்பாள். தயிர்சோறு, இட்லி, முறுக்கு தவிர வேறு எதை வைத்தாலும் தட்டு பறக்கும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் தெருவுக்கு என் மகள்.

முதல் தீர்ப்பு என் நாத்தனாருடையது. கணவரின் அக்கா, உப்பளத்தில் வேலை பார்ப்பவர். அவர் அங்கே இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

"மொதல்ல கண்ணப் பாத்துப் பேச வைம்மா. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் முன்னாடி செவுத்தப் பாத்துனு இருந்தா எவன் கட்டுவான்?"

பெண்ணுக்கு எட்டு வயது. மாப்பிள்ளை அதற்குள் செவுத்துப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

என் வீட்டுக்காரருக்குக் கை உதறல்தான் கவலை. இவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடாமல் கூனிமேடு தாண்ட மாட்டார். கேட்டால் அது ரசனையாம். பிள்ளை செய்தால் மட்டும் வியாதி.

ஒரே ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒற்றுமை இருந்தது. "தங்கமான புள்ள, ஊசி போட்டாக்கூட அழ மாட்டா." எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பாண்டிச்சேரியில் தெரபி கொடுக்கும் மேடம், "எதுல ஆரம்பிக்கலாம், யோசிச்சுட்டு வாங்க" என்று அனுப்பினார். என்னத்தை யோசிப்பது? வீட்டில் தினமும் சட்டசபைதான் நடந்தது.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் அவள் நடையில் ஏதோ கோணலாகத் தெரிந்தது. நுனிக்கால் நடை எனக்குப் பழக்கம், ஆனால் இதில் இடது கால் தயங்கியது. பாதத்தைப் பார்க்க விடமாட்டேன் என்கிறாள், பிடித்தால் உருவிக்கொள்கிறாள். நாத்தனாரிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? கூட்டினு வா."

உப்பளத்துக்காரர்களுக்குக் காலில் காயம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் வேண்டாம். உப்பு விளையும் பாத்தியில் இறங்கினால் போதும். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் உப்புத்தண்ணி பட்டதும் ஆள் துள்ளிக் குதித்து நாலு கெட்ட வார்த்தையாவது சொல்லிவிடுவார். கத்தாவிட்டால் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாத்தனார் அவள் கையைப் பிடித்துப் பாத்தியில் இறக்கி நிற்க வைத்தார். அவள் கத்தவில்லை. தண்ணீரில் மினுங்கும் வெயிலைப் பார்த்தபடி இரண்டு கையையும் வேகவேகமாக உதறினாள்.

"பாத்தியா? எவ்ளோ குஷியா இருக்குதுன்னு. கால்ல ஒண்ணும் இல்ல, போ."

எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

அடுத்த நாள் நெருப்பாகக் காய்ச்சல். பாதம் இட்லிபோல் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளங்காலுக்குள்ளிருந்து உடைந்த பாட்டில் சில்லு ஒன்றை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போடும்போதும் அவள் அழவில்லை. கையை உதறினாள், வேகவேகமாக, பாத்தியில் உதறியது போலவே.

"வலி இருக்கும்மா," என்றார் டாக்டர். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அவளுக்குத் தெரியல."

ஐயோ, அது குஷி இல்லை. திறந்த புண்ணோடு உப்புத்தண்ணியில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் கத்தியிருக்கிறாள். பெற்றவள் நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். நாத்தனார் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இந்த உதறலை நிறுத்தத்தானே இத்தனை நாள் சட்டசபை கூட்டினோம் என்று நினைத்தபோது என் வீட்டுக்காரர் மேலும் எரிச்சல், என் மேலும் எரிச்சல்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "அவ எங்க வேணா பாக்கட்டும், கைய எப்படி வேணா உதறட்டும். நடையால காலு கெட்டுப்போவுதான்னு மட்டும் நீங்க பாத்துக்குங்க. மொதல்ல வலிச்சா சொல்லக் கத்துக்குடுங்க."

மாதக்கணக்கில் ஆனது. வலிக்கும் இடத்தில் கையை வைக்க வேண்டும், 'வலிக்குது' என்று சொல்ல வேண்டும். முதலில் அவள் புகார் கொடுத்தது என் சீப்பின் மேல்தான். அப்புறம் ஸ்கூல் ஷூ, அப்புறம் பாவாடை எலாஸ்டிக். இத்தனை வருஷம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டா இருந்தாய் பாவி என்று கட்டிக்கொண்டேன். அதற்கும் வலிக்குது என்றாள்.

போன மாதம் கிளியனூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபத்தில் நாத்தனார் பாசம் பொங்கி அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"அத்த கண்ணப் பாரு தங்கம், ஒரே ஒருவாட்டி பாரு."

அவள் சீரியல் லைட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. தன் கையை மட்டும் தூக்கித் தாடைமேல் வைத்தாள்.

"வலிக்குது."

நாத்தனார் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அது எங்கள் குடும்பத்தில் கண்டிராத அதிசயம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னா, இந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டுது?" என்று கேட்டார்.

"ஏன்," என்றார் நாத்தனார், "ஒம்மூஞ்சில என்னா சீரியல் செட்டா எரியுது?"