நீல மூடியை நம்பினேன்

திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். இங்கிலீஷ் கற்க ஆரம்பித்து, மண்டையில் ஏறாததால் இரண்டே மாதத்தில் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டேன். பட்டறையில் நீல மூடி ஜாடி என்றால் பிளீச்சிங் மருந்து, சிவப்பு மூடி என்றால் ஆசிட். இதில் படிக்க என்ன இருக்கிறது?

போன ஆடியில் ஒரு நாள், பிளீச்சிங் தொட்டியில் ஊற்றுவதற்காக நீல மூடியைத் திருகினேன். லேபிளில் இருந்த நாலு இங்கிலீஷ் எழுத்தைச் சும்மா கூட்டிப் பார்த்தேன். ஆசிட்! ஜாடியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, ஊத்தாம நிக்கிறீங்க?" என்றார் கூட வேலை செய்யும் மாரப்பன்.

"மூடி மாறி வந்திருக்குதுங்க. இந்த ஆசிட்டப் பிளீச்சிங்ல ஊத்தியிருந்தா விசப்புகையில ரெண்டு பேரும் செத்திருப்போமுங்க."

அன்றே புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். இப்போதும் பாடம் கசக்கத்தான் செய்கிறது. கசந்தால், அந்த நாலு எழுத்தை ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். புத்தகத்தை மூடக் கை வராது.