அக்கா வீட்டுச் சதி

பட்டறை போட அக்காவிடம் வாங்கிய இருபதாயிரம்தான் மோட்டார் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே கடன். மற்றபடி தலை நிமிர்ந்த மனிதர். நான்காம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். அவர் கை பட்டு ஓடாத மோட்டார் இன்றுவரை பிறக்கவில்லை. "எவன் தயவும் இல்லாம வளர்ந்தவன் நான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போதே அந்த இருபதாயிரம் தொண்டையில் முள்ளாக நிற்கும்.

காசு சேர்ந்ததும், ஞாயிறுதோறும் அதை உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு மாடிப்படி ஏறினார். கணவர் இறந்தபின் அக்கா அங்கே தனிக்கட்டை. உறையை நீட்டினால், "மொதல்ல உக்காருடா, டிவில படம் போடப் போறான்" என்பாள்.

படம் என்றால் இருவருக்கும் ஒரே ரகம். மந்திரியைக் கொன்றது யார், ஃபைலை மாற்றியது யார், பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறவன் எவன்? சும்மா ஒரு போன் அடித்தால்கூட அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும். பிரித்துப்போட்ட மோட்டார் மாதிரி, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். அதில்தான் மெக்கானிக் சொக்கிப்போவார்.

"அந்தச் செயலாளர்தான்க்கா. சிரிச்சுக்கிட்டே இருக்கான் பாரு."

"போடா மக்கு. இதுல யாருக்கு லாபம்? அதைப் பாரு."

ஜெயிப்பது அக்காதான். படம் முடிந்ததும், "நேரமாச்சு, பணத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவாள்.

அன்றும் அப்படித்தான். பாதிப் படி இறங்கியவருக்குப் பொறி தட்டியது. கொடுக்கிற பணத்தை வாங்காமல் இருப்பதில் யாருக்கு என்ன லாபம்? கடன் வாங்குவதற்கு முன் இந்தப் படியை எத்தனை தடவை ஏறியிருப்பார்? அக்கா கணவர் இறந்த அன்று ஒரு தடவை. பணம் கேட்க ஒரு தடவை. அவ்வளவுதான். முகம் சுட்டது.

திரும்ப ஏறினார். அக்கா அவர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. நீதான் வில்லி."

அக்கா திரும்பவில்லை. "இப்பத்தான் வெளங்குச்சாக்கும். பெரிய மூளை."

"கையை நீட்டு."

"வேணாம்டா. வாங்கிட்டா அப்புறம் நீ..."

"வருவேன். கடன்காரனா இருக்கறதாலதான் உன்னை எதிர்த்துப் பேச முடியல. அடுத்த வாரம் பாரு, கொலைகாரனை நான்தான் மொதல்ல சொல்லுவேன்."

"கிழிச்சே" என்றபடி அக்கா ஈரக்கையைத் துண்டில் துடைத்து, உள்ளங்கையை விரித்தாள். மெக்கானிக் எண்ண ஆரம்பித்தார். பாதியில் கணக்குத் தப்பியது.

"ஒழுங்கா எண்ணுடா. யாரையும் நம்ப முடியாது" என்று மூக்கை உறிஞ்சினாள் அக்கா.

அவர் முதலிலிருந்து, ஒவ்வொரு நோட்டாக, அந்தக் கையில் எண்ணி வைத்தார்.